தேதி முடிந்த டப்பாவும் ஒரு மாணவரின் கேள்வியும்

(உடல்நலக் கல்வி குறித்த ஆசிரியர் பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



‘உணவும் உடல்நலமும்’ என்று எனக்கு ஒரு தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் நாள் முழுக்கப் பேசலாம். கேட்பவர்களும் நாள் முழுக்கத் தூங்கலாம். மதிய உணவுக்குப் பிறகான அமர்வு வேறு. அதனால் ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மேல்நிலை வகுப்பில் வேதியியல் நடத்தும் எனக்கு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரிடமிருந்து வந்த கேள்வி இது.

“சார், புரோட்டீன் பவுடர் ஒரு கிலோ டப்பா வாங்கினேன். தேதி முடிஞ்சு ஒன்றரை மாசம் ஆச்சு. இன்னும் சீல்கூட உடைக்கல. குடிக்கலாமா?”

அவர் கபடி விளையாடுபவர். அப்பா சுமை தூக்கும் தொழிலாளி. உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ பாதி விலைக்குக் கொடுத்திருக்கிறார்கள். விடுமுறையில் கேட்டரிங் வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்தில் வாங்கியது. பாதி விலை என்றாலும் அந்த வீட்டில் அது பெரிய தொகை. இந்த விவரம் தெரிந்த பிறகு, “தூக்கிப் போடுப்பா” என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. “பரவாயில்லை, குடி” என்று சொல்லவும் முடியாது. இரண்டுக்கும் நடுவில் அறிவியல் என்ன சொல்கிறது, சட்டம் என்ன சொல்கிறது, ஆசிரியராக நாம் என்ன சொல்ல வேண்டும் என்பதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் அந்தத் தேதியைப் பற்றி. நம்மில் பலர் எல்லாத் தேதியையும் ‘எக்ஸ்பயரி’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். லேபிளில் இரண்டு விதமான தேதி உண்டு. ‘பெஸ்ட் பிஃபோர்’ என்றால், இந்தத் தேதி வரை மணமும் சுவையும் சத்தும் நாங்கள் சொன்னபடி இருக்கும் என்று தயாரிப்பாளர் தரும் உறுதி. அதற்குப் பிறகு தரம் குறையலாம். உணவு கெட்டுவிட்டது என்று பொருளில்லை. ‘யூஸ் பை’ அல்லது ‘எக்ஸ்பயரி’ என்றால், அந்தத் தேதிக்குப் பிறகு தரத்துக்கும் பாதுகாப்புக்கும் உறுதி கிடையாது, விற்கவும் கூடாது என்று பொருள். நம் நாட்டில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிமுறைகளின்படி, தயாரித்த அல்லது பொட்டலமிட்ட தேதியும் ‘எக்ஸ்பயரி’ அல்லது ‘யூஸ் பை’ தேதியும் கட்டாயம். ‘பெஸ்ட் பிஃபோர்’ விரும்பினால் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே மத்திய அரசுச் சட்டம் தேதியைக் கட்டாயமாக்கியிருப்பது கைக்குழந்தைகளுக்கான பால் பவுடருக்கு மட்டுமே. மற்றவற்றில் பெரும்பாலும் தயாரிப்பாளரே ஒரு தேதியைப் போடுகிறார். அதனால்தான், “தேதி முடிந்தும் ஆறு மாதம் குடித்தேன், ஒன்றும் ஆகவில்லை” என்று அங்கிருந்து வருகிற காணொளிகளை நம் மாணவர்கள் பார்த்துவிட்டு இங்கே வந்து வாதாடுகிறார்கள். அங்கே உள்ள தேதியும் இங்கே உள்ள தேதியும் ஒன்றல்ல என்பதை முதலில் அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி டப்பாவுக்குள் போவோம். பால் திரிந்தால் மேலே மஞ்சள் கலந்த தண்ணீர் நிற்குமே, அதில் இருக்கிற புரதம்தான் ‘வே புரோட்டீன்’. பாலாடைக்கட்டி தயாரிக்கும் ஆலைகளில் மிஞ்சுகிற அந்தத் தண்ணீரை வடிகட்டி, செறிவாக்கி, சூடான காற்றில் தெளித்து உலர்த்தினால் பொடி கிடைக்கும். அதில் ஈரம் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில்தான் இருக்கும். நம் வீட்டு வற்றலும் வடகமும் அப்பளமும் மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதற்கு என்ன காரணமோ அதுவேதான் இதற்கும். தண்ணீர் இல்லாத இடத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் பெருக முடியாது. உணவு அறிவியலில் இதை ‘நீர்ச் செயல்திறன்’ என்ற அளவால் குறிப்பார்கள். தூய நீருக்கு அது 1. 0.6-க்குக் கீழே போனால் எந்த நுண்ணுயிரியும் வளராது. நன்றாக உலர்ந்த பொடி அந்தக் கோட்டுக்கு வெகு கீழே இருக்கிறது.

அப்படியென்றால் சீல் உடைக்காத டப்பா தேதி முடிந்த மறுநாளே விஷமாகிவிடாது என்பது உண்மை. இதை மாணவரிடம் மறைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஆனால் ‘வளராது’ என்பதை ‘இருக்காது’ என்று படித்துவிடக் கூடாது. சால்மோனெல்லா போன்ற கிருமிகள் உலர்ந்த பொடியில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா வித்து வடிவில் உறங்கிக் கிடக்கும். பாலைச் சூடாக்கும்போதும் அந்த வித்து தப்பிவிடும். தண்ணீர் கிடைத்ததும் விழித்துக்கொள்ளும். இங்கேதான் நம் பிள்ளைகள் செய்கிற ஒரு காரியத்தைக் கவனிக்க வேண்டும். காலையில் வீட்டிலேயே பொடியைத் தண்ணீரிலோ பாலிலோ கலக்கி, குலுக்கும் பாட்டிலில் ஊற்றிப் பையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். மாலை பயிற்சி முடிந்ததும் குடிக்கிறார்கள். எட்டு ஒன்பது மணி நேரம், நம் ஊர் வெயிலில், பள்ளிப் பைக்குள். தேதி முடிந்து இரண்டு வாரம் ஆன உலர்ந்த பொடியைவிட, தேதி முடியாத பொடியை இப்படிக் கலக்கி வைத்துக் குடிப்பதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. உடற்கல்வி ஆசிரியர்கள் இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். பொடியைத் தனியாகக் கொண்டுவந்து குடிக்கும்போது கலக்கச் சொல்லுங்கள். அந்த பாட்டிலை அன்றாடம் சோப்புப் போட்டுக் கழுவுகிறார்களா என்றும் ஒரு நாள் மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். நான் பார்த்திருக்கிறேன், மறுபடி பார்க்க விரும்பவில்லை.

அடுத்தது சத்து. கிருமி வளராவிட்டாலும் வேதிவினை நிற்பதில்லை. பொடியில் கொஞ்சம் லாக்டோஸ் சர்க்கரை இருக்கும். அது புரதத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தோடு மெதுவாக வினைபுரிகிறது. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீய் மயார் 1912-இல் விவரித்த வினை இது. தோசை முறுகலாகச் சிவப்பதும், காப்பிக்கொட்டை வறுக்கும்போது மணப்பதும் இதே வினைதான். கல்லில் நிமிடங்களில் நடப்பது, டப்பாவுக்குள் மாதங்களில் நடக்கிறது. பழைய பால் பவுடர் வெண்மை போய்ப் பழுப்பேறியிருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான். இப்படிச் சிக்கிக்கொண்ட லைசினை உடலால் பயன்படுத்த முடியாது. அரிசியிலும் கோதுமையிலும் குறைவாக இருப்பது லைசின். சோற்றோடு பருப்பு சேர்க்கிறோமே, அது அந்தக் குறையைத்தான் ஈடுகட்டுகிறது. எதற்காகக் காசு கொடுத்துப் பொடியை வாங்கினாரோ, பழையதாக ஆக ஆக அதுவேதான் குறைகிறது. டப்பாவின் மேல் அச்சிட்ட ‘24 கிராம் புரதம்’ என்ற எண் மட்டும் மாறாமல் இருக்கும்.

இதில் வெப்பநிலைக்குப் பெரிய பங்கு உண்டு. வெப்பம் 10 டிகிரி கூடினால் வினையின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்று வகுப்பில் நடத்துகிறோம். தேதியைக் கணக்கிட்டவர் ‘குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்’ என்று கூடவே எழுதியிருக்கிறார். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, மே மாதத்தில், பரணில் இருக்கிற டப்பாவுக்கு அந்தத் தேதி பொருந்துமா? பொருந்தாது. தேதிக்கு முன்பே அது பழையதாகியிருக்கும். அதேபோல் சீலை உடைத்தவுடன் அச்சிட்ட தேதியின் பொருள் மாறிவிடுகிறது. ஈரமான கரண்டியை உள்ளே விட்ட அன்றைக்கே நீர்ச் செயல்திறன் கணக்கு தலைகீழாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மூடி சரியாக இறுகாத டப்பா என்ன ஆகும் என்று சமையலறையில் உப்பு ஜாடியைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

எல்லாப் பொடியும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கொழுப்பு நீக்கிய வே பொடி ஓரளவு தாக்குப்பிடிக்கும். நிலக்கடலை, முந்திரி, பாதாம், ஆளிவிதை கலந்த பொடிகளில் எண்ணெய் இருக்கிறது. அது காற்றோடு சேர்ந்து காறிப்போகும். பழைய கடலை மிட்டாயில் வருமே ஒரு கசப்பு, அந்த வாடை வந்தால் தேதியைப் பார்க்கவே வேண்டாம்.

இங்கே நம் சத்துமாவைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் வறுத்து அரைப்பதும், தெரிந்தவர்களிடம் பொட்டலமாக வாங்குவதும் நல்ல பழக்கம்தான். ஆனால் அந்தப் பொட்டலங்களில் பலவற்றில் தேதியே இருப்பதில்லை. ‘வீட்டில் செய்தது, கெடுதல் இல்லை’ என்ற நம்பிக்கை மட்டும் இருக்கிறது. அதில் நிலக்கடலையும் சோளமும் சேர்கின்றன. சரியாகக் காயாத நிலக்கடலையிலும் சோளத்திலும் ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சை வளர்ந்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். கல்லீரலைத் தாக்கக்கூடிய அந்த நஞ்சு, வறுத்தாலும் கொதிக்கவைத்தாலும் முழுதாக அழிவதில்லை. பூசணம் பிடித்த கடலையைப் பொறுக்கி எறியாமல் அரைத்துவிட்டால் கண்ணுக்கும் தெரியாது. எனவே இறக்குமதி டப்பாவின் தேதியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற நாம், சத்துமாவுப் பொட்டலத்தின் மேல் அரைத்த தேதியைப் பேனாவால் எழுதும் பழக்கத்தையாவது தொடங்கலாம். கொஞ்சமாக அரைத்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது.

சரி, மாணவருக்கு என்ன சொன்னேன்?

“சீல் உடையாத, உலர்ந்த பொடி ஒன்றரை மாதத்தில் விஷமாகியிருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் இது எங்கே, எந்தச் சூட்டில் இருந்தது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தேதி முடியப்போகிறது என்று தெரிந்துதான் பாதி விலைக்குக் கொடுத்திருக்கிறார்கள். சத்து எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதற்கும் உறுதி இல்லை. உனக்கு வயது 17. குடி என்று நான் சொல்ல மாட்டேன். குடித்தால் செத்துப்போவாய் என்றும் சொல்ல மாட்டேன்” என்றேன்.

பயமுறுத்திவிடுவது எளிது என்று சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ‘தேதி முடிந்தால் விஷம்’ என்று நாம் சொல்லி, அவர் நண்பன் ஒருவன் குடித்து ஒன்றும் ஆகாமல் நின்றால், நம் பேச்சு அங்கேயே தோற்றுவிடும். நாளை தேதி முடிந்த மருந்தைப் பற்றி நாம் சொல்லும்போதும் அவர்கள் காது கொடுக்க மாட்டார்கள். மருந்து விஷயத்தில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. காய்ச்சலுக்குக் கொடுக்கும் நோய் எதிர்ப்பு மருந்து வீரியம் குறைந்திருந்தால் நோய் தீராது. மருந்து அட்டையில் மாதமும் ஆண்டும் மட்டும் இருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் வரை என்று பொருள். இரும்புச்சத்து மாத்திரையும் குடற்புழு நீக்க மாத்திரையும் நம் கைவழியாகத்தான் பிள்ளைகளுக்குப் போகின்றன என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

அவர் அடுத்துக் கேட்டதுதான் முக்கியமான கேள்வி. “அப்போ புரோட்டீனுக்கு நான் என்ன சார் பண்றது?”

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வளர்ந்தவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம். 16 முதல் 18 வயது வரையுள்ள ஆண் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 55 கிராம், பெண் பிள்ளைகளுக்கு 46 கிராம். கடும் பயிற்சி செய்பவருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும். அதே நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், தசை வளர்ப்பதற்காகப் புரதப் பொடிகளை உட்கொள்வதைத் தவிர்க்கும்படி சொல்லியிருக்கிறது. கரும்பலகையில் இருவரும் கணக்குப் போட்டோம். முட்டை இரண்டு, 12 கிராம். நிலக்கடலை ஒரு பெரிய கைப்பிடி, 50 கிராம் என்று வையுங்கள், இன்னொரு 12. பருப்பு 30 கிராம், 7. பால் ஒரு டம்ளர், 6. நாள் முழுக்கச் சாப்பிடும் இட்லிக்கும் சோற்றுக்கும் 300 கிராம் அரிசி என்றால் அதிலேயே 20-க்கு மேல் வருகிறது. மொத்தம் 57. சோற்றில் புரதம் இருக்கிறது என்பதே அவருக்குப் புதிய செய்தி. “இதை யாரும் ஜிம்மில் சொல்லல சார்” என்றார். சொன்னால் டப்பா விற்காதே!

ஒரு கசப்பான செய்தியும் இருக்கிறது. பத்தாம் வகுப்பு வரை பள்ளி நாளில் சத்துணவோடு முட்டை கிடைத்தது. பதினொன்றாம் வகுப்புக்கு வந்ததும் அது நின்றுபோகிறது. உடல் வேகமாக வளரும் வயதில், பசியும் அதிகமான வயதில். டப்பாவை நோக்கி இவர்கள் போவதில் விளம்பரத்துக்கு எவ்வளவு பங்கோ, காலியான மதிய டிபன் பாக்ஸுக்கும் அவ்வளவு பங்கு உண்டு. எங்கள் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் பேசி, பயிற்சி நாட்களில் விளையாட்டுப் பிள்ளைகளுக்கு அவித்த சுண்டலும் நிலக்கடலையும் கொடுக்க ஏற்பாடு செய்திருக்கிறோம். கொஞ்சம்தான். ஆனால் தவறாமல் நடக்கிறது.

பள்ளிக்குள் வருகிற பொடிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே வருகிற நல்ல மனிதர்கள் சிலர் ஊட்டச்சத்து பானப் பொடியும் பிஸ்கட்டும் பெட்டி பெட்டியாகத் தருகிறார்கள். பெட்டியைத் திறந்தால் தேதி முடிய இருபது நாள் இருக்கும். சில நேரம் முடிந்தே இருக்கும். ஒரு பள்ளிக்கு வந்த பெட்டியில் பழைய தேதியின் மேல் புதிய ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததை நானே பார்த்தேன். கொடையாளர் மனம் புண்படும் என்று தயங்காதீர்கள். ஒருவர் தன் வீட்டில், தன் உடம்புக்கு, தெரிந்தே ஒரு துணிவு எடுப்பது வேறு. நாம் பிள்ளைகள் கையில் கொடுப்பது வேறு. தேதி முடிந்த உணவை வழங்கினாலோ விற்றாலோ விநியோகிப்பவரும் விற்பவரும் பொறுப்பு என்று 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் 27ஆம் பிரிவு சொல்கிறது. பள்ளிக்கு வருகிற எந்தப் பெட்டியையும் வாங்கும்போதே தேதியையும் 14 இலக்க உரிம எண்ணையும் பார்த்துப் பதிவேட்டில் எழுதிவிடுங்கள். சந்தேகம் வந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்குத் தகவல் சொல்லுங்கள்.

வகுப்பறைக்கு இரண்டு செயல்பாடுகள். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் வீட்டிலுள்ள காலி உறைகளைக் கொண்டுவரச் சொல்லி, தயாரித்த தேதியிலிருந்து முடியும் தேதி வரை எத்தனை நாள் என்று எண்ணச் சொல்லலாம். நடுநிலை வகுப்பில் சதவீதம் நடத்தும்போது இன்னொரு படி போகலாம். இணையத்தில் விற்கும் உணவு, வீட்டுக்கு வந்து சேரும்போது ஆயுட்காலத்தில் 30 சதவீதம் அல்லது 45 நாள் மிச்சமிருக்க வேண்டும் என்று ஆணையம் வழிகாட்டியிருக்கிறது. 18 மாத ஆயுள் உள்ள டப்பாவில் 30 சதவீதம் எத்தனை மாதம் என்று கேளுங்கள். ஐந்து மாதத்துக்கு மேல் என்று விடை வந்ததும், வீட்டுக்குப் போய் அடுக்களை அலமாரியைத் திறக்காத பிள்ளை இருக்காது.

உயர்நிலை வகுப்புக்கு: பால் பவுடர் இரண்டு கரண்டி எடுத்து, ஒன்றை இறுக மூடிய உலர்ந்த பாட்டிலிலும் மற்றதைத் திறந்த தட்டிலும் மழைக்காலத்தில் வைத்து, நிறம், கட்டிபிடித்தல், வாடை மூன்றையும் வாரம் ஒருமுறை குறிக்கச் சொல்லுங்கள். சுவைத்துப் பார்க்கக் கூடாது என்பதை முதல் நாளே எழுதிப் போட்டுவிடுங்கள். பதினொன்றாம் வகுப்பில் ஜெல்டால் முறையில் நைட்ரஜன் கண்டறிவதை நடத்துகிறோம் அல்லவா? புரதத்தை நேரடியாக அளக்காமல் நைட்ரஜனை அளந்து பெருக்கும் முறை அது. இந்த ஓட்டையைப் பயன்படுத்தித்தான் 2008-இல் சீனாவில் பாலில் மெலமைன் கலந்தார்கள். ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், ஆறு குழந்தைகள் இறந்தார்கள். அந்தப் பால் பவுடர் தேதி முடியாமலே நஞ்சாக இருந்தது. பாடத்தை இந்தச் செய்தியோடு நடத்திப் பாருங்கள்; சூத்திரம் மறந்தாலும் இது மறக்காது.

கைக்குழந்தைகளுக்கான பால் பவுடரில் மட்டும் எந்தச் சலுகையும் வேண்டாம். சில மாதங்கள் வரை அந்தக் குழந்தைக்கு அதைத் தவிர வேறு உணவு இருக்காது. அதில் சத்து குறைந்தால் ஈடுகட்ட வழியில்லை. கர்ப்பிணிகளுக்கும், நோயால் உடல் தளர்ந்தவர்களுக்கும், முதியவர்களுக்கும் தேதி முடிந்த எந்தப் பொடியும் வேண்டாம்.

பேசி முடித்ததும் ஆசிரியை ஒருவர் எழுந்து, “சார், பள்ளி அலமாரியில் தேதி முடிந்த பொடி ஏழெட்டு டப்பா இருக்கிறது. என்ன செய்வது?” என்று கேட்டார். இருப்புப் பதிவேட்டில் குறித்து, தலைமை ஆசிரியர் முன்னிலையில் பொடியைக் கொட்டி, பள்ளித் தோட்டத்து உரக்குழியில் மண்ணோடு கலந்து மூடிவிடலாம் என்றேன். தெருநாய்க்கோ மாட்டுக்கோ வைக்க வேண்டாம். டப்பாவை அப்படியே பழைய பொருள் கடையில் போடவும் வேண்டாம். அசல் டப்பாவில் போலிப் பொடியை நிரப்பி விற்பவர்கள் இருக்கிறார்கள். லேபிளைக் கிழித்து, அடியில் இரண்டு ஓட்டை போட்டுவிடுங்கள். ஓட்டை போட்ட டப்பாவில் மண் நிரப்பிக் கீரை விதைக்கலாம்.